யாஷிகாவோடு குளக்கரையில்

ஞாயிறு காலை யாஷிகா மேட் 124ஜி என்ற பழைய ஃபிலிம் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் குளத்துப் பக்கம் போனேன். பத்தடி நடக்கவில்லை, ஒரு பெரியவர் நிறுத்திவிட்டார்.

"தம்பி, இதுக்கு இன்னும் ஃபிலிம் கிடைக்குதா?"

"கிடைக்குது ஐயா. 120-ன்னு ஒரு வகை ரோல், ஒரு ரோலுக்கு 12 படம்."

மேல்மூடியைத் திறந்து காட்டினேன். குனிந்து கண்ணாடியைப் பார்த்தார். அதில் இடம் வலமாகத்தான் தெரியும். "அட, ஆட்டோ எதிர்ப்பக்கம் ஓடுதே!" என்று குழந்தை மாதிரி சிரித்தார். அப்புறம் அரைமணி நேரம் அவருடைய கல்யாண போட்டோ கதை.

மொபைலை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பூக்கார அக்கா, இதற்கு முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேமராவில் எடுப்பவன்தான் தலைகுனிய வேண்டும், எதிரில் இருப்பவர் முகத்துக்கு நேராக எதையும் நீட்டுவதில்லை. எனக்கு இதில் ரொம்பப் பிடித்ததே அதுதான். சின்னதாக ஒரு 'டிக்'.

"எங்க, காட்டு."

"இப்போ தெரியாதுக்கா. கழுவி, பிரிண்ட் போட்டுக் கொண்டுவரேன்."

"மறந்துடாதே" என்றபடி ஒரு முழம் மல்லியை இலையில் சுற்றிக் கொடுத்தார், அம்மாவுக்கு. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

ரோலில் இன்னும் 4 படம் பாக்கி. சீக்கிரம் முடிக்கணும், அக்கா காத்திருப்பார்.