சுண்ணாம்புக் கோடும் முழுப் பந்தும்

உதைபந்தாட்டப் போட்டி நாள் காலையில் எங்கள் மைதானத்தில் முதல் வேலை கோடு போடுவது. இரண்டு முளை, நீளமான தும்புக் கயிறு, வாளியில் கரைத்த சுண்ணாம்பு. கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டி, அதன் ஓரமாகவே சுண்ணாம்பை ஊற்றிக்கொண்டு போவார்கள். கோட்டின் அகலம் 12 சென்ரிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. கோல் கோடு, அதாவது கம்பங்கள் நிற்கும் முனைக் கோடு, கம்பத்தின் தடிப்புக்குச் சரியாக இருக்க வேண்டும். இரும்புக் குழாய்க் கம்பங்களுக்கு முன்னால் கோட்டைப் போட்டுவிட்டால், கம்பத்தின் பின்விளிம்பும் கோட்டின் பின்விளிம்பும் ஒரே நேரில் வராது. அன்று பின்னேரம் பந்து அந்த இடத்தில் விழுந்தால், எந்த விளிம்பை வைத்துக் கோல் என்பது?

உதைபந்தாட்டத்தில் கோடு மைதானத்துக்குச் சொந்தம். பந்து முழுவதும் கோட்டின் வெளிவிளிம்பைத் தாண்டினால்தான் வெளியே. தரையில் என்றாலும் ஆகாயத்தில் என்றாலும் ஒரே கணக்கு. கோலுக்கும் அதே விதிதான்: இரண்டு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பத்துக்குக் கீழே, முழுப் பந்தும் போயிருக்க வேண்டும். கோல்கீப்பரின் கால்கள் வலைக்குள் நின்றாலும், கையில் உள்ள பந்தின் ஒரு விளிம்பு கோட்டுக்கு நேர் மேலே இருந்தால் அது கோல் இல்லை.

"கோட்டுக்கும் பந்துக்கும் நடுவிலே புல் தெரிஞ்சதே!" மைதானத்தைச் சுற்றி நின்றவர்கள் அதிகம் கத்திய வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர். குறுக்களவு ஏறக்குறைய 22, அதாவது ஒரு சாண். பந்து தரையைத் தொடுவது அதன் நடுவுக்கு நேர் கீழே. ஆகவே தொடும் புள்ளி கோட்டின் வெளிவிளிம்பிலிருந்து அரைச் சாண் தள்ளிப் போனால்தான் பந்து வெளியே. நான்கு விரல் அகலத்துக்குப் புல் தெரிந்தாலும், பந்தின் வயிறு இன்னமும் கோட்டுக்கு மேலேதான் நிற்கும். ஒரு பந்தைக் கோட்டருகே வைத்து, நேர் மேலே குனிந்து பாருங்கள். ஒரு நிமிடத்தில் விளங்கும்.

2022 டிசம்பர் 1 அன்று கட்டார் உலகக் கிண்ணத்தில் உலகமே இதைப் பார்த்தது. ஸ்பெயினுக்கு எதிராக ஜப்பான் வீரர் மிட்டோமா கோல் கோட்டில் வைத்துத் திருப்பி அனுப்பிய பந்தை, சக வீரர் தனாகா கோலாக்கினார். பக்கவாட்டுப் படங்களில் புல் தெளிவாகத் தெரிந்தது. மேலிருந்து எடுத்த படத்தில் பந்தின் ஓரம் கோட்டுக்கு மேல் மயிரிழையளவு நின்றது. வீடியோ பரிசோதனைக்குப் பிறகு கோல் உறுதியானது. ஜப்பான் 2-1 என்று வென்றது. அந்தத் தீர்ப்பு சரியானது.

லைன்ஸ்மனை ஏசுகிறவர்கள் அவர் எங்கே நிற்க வேண்டியவர் என்பதை யோசிப்பதில்லை. ஓஃப்சைட் பார்ப்பதற்காக அவர் கடைசிக்கு முந்திய தடுப்பாட்டக்காரருக்கு நேரே நிற்கிறார். தூரத்திலிருந்து ஒருவர் அடிக்கும்போது கோல் கோடு அவருக்கு 15, 20 மீற்றர் தள்ளி இருக்கலாம். மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் போகும் பந்து 20 மீற்றரை 0.8 செக்கனில் கடந்துவிடும்; அதற்குள் ஒரு மனிதன் ஐந்தாறு மீற்றர்தான் ஓடலாம். 2010 ஜூன் 27 அன்று தென்னாபிரிக்க உலகக் கிண்ணத்தில், புளூம்ஃபொன்ரெயினில் ஜேர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு, கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்து, மீண்டும் வெளியே துள்ளியது. மத்தியஸ்தரோ லைன்ஸ்மனோ கோல் கொடுக்கவில்லை. கோட்டுக்கு நேரே அவர்கள் யாருமே இருக்கவில்லை.

2012 ஜூலையில் கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதி கிடைத்தது. 2014 பிரேசில் உலகக் கிண்ணத்தில் ஒவ்வொரு மைதானத்திலும் ஒரு கோலுக்கு ஏழாக 14 கமராக்கள் பூட்டினார்கள். பந்து கடந்தால் ஒரு செக்கனுக்குள் மத்தியஸ்தரின் மணிக்கூடு அதிரும். ஆனால் கமராவுக்கும் பந்து தெரிய வேண்டும். 2020 ஜூன் 17 அன்று இங்கிலாந்துக் கழகங்களான அஸ்டன் வில்லா - ஷெஃபீல்ட் யுனைரெட் ஆட்டத்தில் வில்லா கோல்கீப்பர் பந்தோடு கோட்டுக்கு உள்ளே போனார். வீரர்களும் கம்பமும் ஏழு கமராக்களையும் மறைத்துவிட்டதால் மணிக்கூடு அசையவில்லை.

எங்கள் மைதானத்தில் கமரா ஏது? கொடிதான். தெளிவான கோல் என்றால் லைன்ஸ்மன் கொடியை உயர்த்தாமல் மத்திய கோட்டுப் பக்கமாக 25, 30 மீற்றர் வேகமாக ஓடுவார். பந்து உள்ளே போய் வெளியே வந்துவிட்டால், முதலில் கொடியை நேரே உயர்த்தி மத்தியஸ்தரின் கண்ணைப் பிடிக்க வேண்டும். அதன் பிறகுதான் ஓட்டம். இந்த ஒழுங்கு மாறினால் ஆட்டம் தொடர்ந்துகொண்டே இருக்கும். மத்தியஸ்தரும் அவசரப்படக் கூடாது. பந்து முழுதாகக் கடக்கும் முன்னரே கோல் என்று ஊதிவிட்டால் கோலும் இல்லை; பந்தைக் கையிலிருந்து தரையில் போட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும்.

வலையையும் பார்க்க வேண்டும். 2013 ஒக்ரோபர் 18 அன்று ஜேர்மனியில் ஹொஃபன்ஹைம் கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில் லெவர்குசன் வீரர் கீஸ்லிங் தலையால் அடித்த பந்து, பக்க வலையிலிருந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்தது. கோல் என்றே எழுதப்பட்டது, முடிவும் மாறவில்லை. எங்கள் பழைய நைலோன் வலையின் கீழ் ஓரத்தைக் கூடாரக் கட்டைகளால் தரையோடு பிடித்து, கிழிந்த கண்களைச் சணல் கயிற்றால் முடிந்துவிட்ட பிறகுதான் மத்தியஸ்தர் விசிலை எடுப்பார்.

கோணர் கிக்கில்தான் அதிகம் பிழை நடக்கும். கொடிக் கம்பத்தருகிலிருந்து வளைத்து அடிக்கும் பந்து, ஆகாயத்திலேயே கோல் கோட்டுக்கு வெளியே போய் மறுபடி உள்ளே திரும்பிவரும். அது வெளியே போன பந்து; கோல் கிக். கோலுக்குள்ளேயே போய் விழுந்தாலும் கணக்கில் வராது. இதனால்தான் கோணர் கிக் அடிக்கும்போது லைன்ஸ்மன் கொடிக் கம்பத்துக்குப் பின்னால், கோல் கோட்டுக்கு நேரே போய் நிற்கிறார். அந்த இடத்தில் நிற்பவருக்கு இரண்டு கம்பங்களும் ஒன்றாகத் தெரியும்.