விமானத்தின் வயிற்றில் ஒரு துளை

நான்கு வருடங்களாக, ஆஸ்டினில் இருக்கும் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் கார் நின்றதில்லை. அங்கே வளர்ந்துகொண்டிருப்பது ஆர்வி-7, இருவர் உட்காரக்கூடிய அலுமினிய விமானம். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளை ஆயிரக்கணக்கில் அடித்த கை, போன மாதம் ஒரு சனிக்கிழமை தயங்கியது. முடித்து வைத்த அடிவயிற்றுத் தகட்டில், ரேடியோ ஆன்டெனாவுக்காக நானே துளை போட வேண்டும். புதுப் பட்டுப்புடவையில் கத்தரி வைப்பது போல இருந்தது.

விமான ரேடியோ பேச்சுக்கான அலைவரிசை 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. நடுவில் 127 என்று வைத்துக்கொண்டால் அலைநீளம் சுமார் 2.36 மீட்டர், ஆன்டெனாவுக்கு வேண்டிய நீளம் அதில் கால் பங்கு, 59 சென்டிமீட்டர். அவ்வளவு நீளக் கம்பியை நேராக விட்டால் தரையில் இடிக்கும். அதனால்தான் வயிற்றில் மாட்டுவதைப் பின்பக்கமாக வளைத்திருக்கிறார்கள். ரேடார் கேட்டால் விமானத்தின் அடையாளத்தைச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் 1090 மெகாஹெர்ட்ஸில் பேசுவதால் அதன் ஆன்டெனா ஏழு சென்டிமீட்டர்தான், என் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் நீளம். ஜிபிஎஸ் மட்டும் மேலே, வானம் பார்த்து.

தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. காற்று இழுக்கும் கம்பியை அது தனியாகத் தாங்காது, உள்ளே இன்னொரு தகடு வைத்து ரிவெட் அடிக்க வேண்டும். என் உடம்பு வால் பகுதிக்குள் நுழையாது. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள்தான், ரிவெட்டின் மறுமுனையைத் தாங்கும் இரும்புக் கட்டையோடு உள்ளே படுத்தாள். "அப்பா, அடுத்த விமானத்தை ஜன்னலோடு கட்டுங்கள்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

மாட்டி முடித்தாயிற்று. கேபிளில் கஞ்சத்தனம் பார்க்காமல், இரட்டைக் கவசம் உள்ள ஆர்ஜி-400 போட்டிருந்தேன். அமெச்சூர் ரேடியோவில் ஊறிய பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் அளவுமானியைக் கொண்டுவந்தார். அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். இரண்டுக்குள் இருந்தால் நிம்மதி. எங்களுக்கு நான்கைத் தாண்டியது. கேபிளை அசைத்தேன், இணைப்பியைக் கழற்றி மறுபடி செய்தேன். ஒன்றும் நகரவில்லை.

பெரியவர் என் மல்டிமீட்டரை எடுத்து ஒரு முனையை ஆன்டெனாவின் அடித்தட்டிலும் மறுமுனையைப் பக்கத்தில் இருந்த ரிவெட் தலையிலும் வைத்தார். இரண்டும் நன்றாகத் தொட்டிருந்தால் மின்தடை பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். எண் நிற்கவில்லை, மூன்று ஓம், நாற்பது, மறுபடி ஏழு.

குற்றவாளி நான்தான். அரிப்பு வரக் கூடாதென்று தகட்டின் இருபுறமும் அன்போடு ப்ரைமர் பூச்சு அடித்திருந்தேன். நான் கடையில் வாங்கிய கம்பி பாதி ஆன்டெனாதான்; மீதிப் பாதி விமானத்தின் உலோக உடம்பு. அந்த இரண்டையும் என் ப்ரைமரே பிரித்து வைத்திருந்தது. நான்கு ஸ்க்ரூக்கள் வழியாக அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். ஃபைபர் கிளாஸ் விமானம் கட்டுகிறவர்கள் உடம்பே உலோகமில்லை என்பதால் செப்புப் பட்டையைக் கூட்டுக்குள்ளேயே ஒட்டிச் சமாளிக்கிறார்கள். எனக்கு முழு அலுமினியம் இருந்தும் இந்தக் கதி.

கழற்றி, அடித்தட்டு உட்காரும் இடத்தில் மட்டும் ப்ரைமரைச் சுரண்டினேன். வெள்ளி போல மின்னிய உலோகத்தின் மேல், மின்சாரத்தைத் தடுக்காத அரிப்புத் தடுப்புப் பூச்சு ஒன்றைத் தடவி மறுபடி முறுக்கினேன். மறுபடி அளந்தோம்: 118-இல் 1.9, 127-இல் 1.4, 136-இல் 1.8. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் அளவுமானியை உறையில் போட்டார். தண்ணீர் புகாமலிருக்க ஓரத்தைச் சுற்றி சீலன்ட் வைத்தேன்.

இரண்டாவது ரேடியோவின் ஆன்டெனாவுக்கு இடம் குறித்திருக்கிறேன். இப்போதைக்கு மார்க்கர் புள்ளி மட்டும்தான். மகளுக்குத் தேர்வு முடிய வேண்டும்.