சோர்ஸ் ஒன்று, ஓடுவது ஒன்று

மார்ச் 3, திங்கள்

முடிவாகிவிட்டது. 29ஆம் தேதி இரவு பழைய ஏஐஎக்ஸ் (ஐபிஎம்மின் யூனிக்ஸ்) சர்வரிலிருந்து லினக்ஸுக்கு மாறுகிறோம். போனதும் எல்லா புரோகிராமையும் புதிதாகக் கம்பைல் செய்வதாம், அதாவது எழுதிவைத்த சோர்ஸிலிருந்து மெஷின் ஓட்டும் ஆப்ஜெக்டை மறுபடி உருவாக்குவதாம். கூட்டத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. யாராவது எப்போதோ சோர்ஸைத் திருத்திவிட்டுக் கம்பைல் செய்யாமல் விட்டிருந்தால், எங்கள் புரோகிராம்கள் ஓடும் டேட்டாபேஸான யூனிவர்ஸ் வாய் திறக்காது. பழைய ஆப்ஜெக்டையே ஓட்டிக்கொண்டிருக்கும். இத்தனை வருடத்தில் அப்படி விட்டது எல்லாம் அந்த ஒரே இரவில் உயிர் பெறும்.

மார்ச் 4, செவ்வாய்

சோர்ஸ் எல்லாம் இருக்கும் பிபி, டைப் 19 ஃபைல். நல்லவேளை. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு அது வெறும் டைரக்டரி. ஒவ்வொரு புரோகிராமும் தனி ஃபைல், கடைசியாகத் திருத்திய நேரம் ஒவ்வொன்றுக்கும் உண்டு. ஆப்ஜெக்டுகள் இருக்கும் பிபி.ஓ-வும் அப்படித்தான். எல்லா ரெக்கார்டையும் ஒன்றாக அடைக்கும் ஹாஷ் ஃபைலில் வைத்திருந்தால் தனித்தனி ரெக்கார்டுக்கு நேரமே கிடைத்திருக்காது. சோர்ஸின் நேரம் ஆப்ஜெக்டின் நேரத்துக்குப் பிந்தியதா என்று பார்க்கச் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டினேன். பட்டியல் திரையைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

மார்ச் 5, புதன்

பட்டியலில் பெரும்பகுதிக்கு ஒரே நாள், ஒரே நிமிடம். எப்போதோ டிஸ்க் மாற்றியபோது நேரத்தைக் காப்பாற்றாமல் காப்பி அடித்திருக்கிறார்கள். எது நிஜத் திருத்தம், எது காப்பியால் வந்த தேதி என்று இனி பிரிக்க முடியாது.

ஆப்ஜெக்டைப் பிரித்து சோர்ஸ் வரிகளோடு காட்டும் விலிஸ்ட் கட்டளையைக் கொடுத்தால் ஆப்ஜெக்டுக்குள்ளேயே பதிந்த கம்பைல் தேதி தெரிகிறது. காப்பி அடித்தாலும் அது மாறாது. ஆனால் சோர்ஸுக்குள் அப்படி ஒன்றும் இல்லையே.

மார்ச் 7, வெள்ளி

இன்க்ளூட்! இதை எப்படி யாரும் கூட்டத்தில் பேசவில்லை? கஸ்டமர் ரெக்கார்டின் ஃபீல்டு எண்கள் எல்லாம் புரோகிராம்கள் கம்பைலின்போது உள்ளே இழுத்துக்கொள்ளும் ஒரு இன்க்ளூட் ஃபைலில் ஈக்வேட்டாக (பெயருக்கு இந்த எண் என்று) இருக்கின்றன. அதில் ஒரு எண்ணை மாற்றினால், அதை இழுக்கும் எந்த புரோகிராமின் தேதியும் அசையாது. கம்பைல் ஆனது புது எண்ணைப் படிக்கும், ஆகாதது பழைய எண்ணையே படித்துக்கொண்டிருக்கும். தேதியை வைத்துப் பார்த்தால் இரண்டுமே சுத்தம். அதனால் ஒவ்வொரு புரோகிராமுக்கும் அது இழுக்கும் இன்க்ளூட்களையும், அவை இழுக்கும் இன்க்ளூட்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

தலைவலி. எதையும் திறக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

தேதியை நம்பி இனி பயனில்லை. பழைய மெஷினிலேயே தனி அக்கவுண்ட் ஒன்று போட்டு, அதே ரிலீஸ் கம்பைலரால் எல்லாவற்றையும் கம்பைல் செய்து, ஓடுகிற ஆப்ஜெக்டோடு பைட் பைட்டாக ஒப்பிடுகிறேன். கம்பைல் தேதி எப்படியும் வேறாகத்தான் இருக்கும், அதை விட்டுவிட வேண்டும். இடையில் ஒரு கமெண்ட் வரி சேர்ந்திருந்தாலும் வரி எண் அட்டவணை நகர்ந்து, வேறு என்று காட்டுகிறது. அதை எல்லாம் கண்ணால்தான் கழிக்க வேண்டும்.

மார்ச் 13, வியாழன்

கிடைத்தது. ஸ்டாக் ஒதுக்கும் புரோகிராம்.

இருப்பைவிட ஆர்டர் அதிகமா என்று பார்க்கும் வரியின் முன்னால் ஒரு நட்சத்திரம். பக்கத்தில் இரண்டு எழுத்து இனிஷியல், 2011 தேதி. நட்சத்திரம் போட்டால் அது கமெண்ட். கமெண்டுக்குக் கீழே ஆப்ஜெக்ட் கோட் எதுவும் வரக் கூடாது. விலிஸ்டில் பார்த்தால் அந்த நட்சத்திர வரிக்குக் கீழேயே ஒப்பிடும் கட்டளையும் தாவும் கட்டளையும் வரிசையாக நிற்கின்றன. சோர்ஸில் செத்துப்போன வரி இன்றுவரை கிடங்கைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறது. யாரோ சோதித்துப் பார்க்கத் திறந்து, சேவ் செய்து, அப்படியே எழுந்து போயிருக்கிறார்கள்.

29ஆம் தேதி இது கம்பைல் ஆகியிருந்தால் திங்கட்கிழமை காலை இல்லாத சரக்குக்கு பிக் டிக்கெட் (கிடங்கிலிருந்து சரக்கை எடுக்கச் சொல்லும் சீட்டு) அடித்திருக்கும். கை நடுங்கிவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

முன்பு இந்த புரோகிராம்களைப் பார்த்துக்கொண்ட சாருக்கு போன் செய்தேன். ரிட்டயர் ஆகியும் எல்லாம் நினைவிருக்கிறது. "நான் போடலம்மா. அந்த இனிஷியல்ல ஒரு கான்ட்ராக்டர் பையன் இருந்தான், ஆறு மாசம்கூட இருக்கல" என்றார். அப்புறம், "கேட்டலாக்கைப் பாத்தியா?" என்றார்.

ஜனங்கள் பெயர் சொல்லி ஓட்டுவதற்காக ஆப்ஜெக்டைப் பதிவு செய்யும் இடம் அது. பார்க்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

சோர்ஸில் இருப்பதுதான் சரி, அதையே கம்பைல் செய்யுங்கள் என்கிறார்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன். வியாபாரம் இத்தனை வருடம் நடந்தது ஆப்ஜெக்டை வைத்து. இரண்டும் முரண்பட்டால் ஓடுகிறதுதான் சரி; சோர்ஸை அதற்கு இணங்கத் திருத்திவிட்டுத்தான் கம்பைல். அவர்கள் இருக்கும் ஊரில் காலை ஆகும்வரை காத்திருந்து, நட்சத்திர வரியைத் திரையில் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சரி, புரோகிராம் புரோகிராமாகப் பார்க்கலாம் என்றார்கள்.

மார்ச் 18, செவ்வாய்

இனி யாரும் கம்பைல் செய்யும் 'பேசிக்' (BASIC) கட்டளையை நேரடியாகக் கொடுக்கக் கூடாது. கம்பைலுக்கு என்று ஒரு புரோகிராம் எழுதிவிட்டேன். அது கம்பைல் செய்யும்போதே சோர்ஸுக்கும் அதன் இன்க்ளூட்களுக்கும் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்) எடுத்து ஒரு ஃபைலில் போட்டுவைக்கும். ராத்திரி ஒரு ஜாப் மறுபடி செக்சம் எடுத்து ஒப்பிடும். தேதி எப்படிக் கெட்டாலும் கவலை இல்லை.

மார்ச் 20, வியாழன்

சார் சொன்னது சரி. லோக்கல் கேட்டலாக் என்றால் அக்கவுண்டின் கட்டளைப் பெயர்கள் இருக்கும் விஓசி-யில் வெறும் பாயிண்டர்தான், தொல்லை இல்லை. மற்றதெல்லாம் கேட்டலாக் செய்யும்போது ஆப்ஜெக்டின் நகல் கேட்டிர் என்ற பொது டைரக்டரிக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறது, ஜனங்கள் ஓட்டுவது அந்த நகலை. கம்பைல் செய்துவிட்டுக் கேட்டலாக் செய்யாமல் விட்டவை எத்தனையோ. நான் இதுவரை ஒப்பிட்டது பிபி.ஓ-வோடு.

மறுபடி முதலிலிருந்து. ஸ்டாக், விலை, சரக்குக் கட்டணம், இந்த வரிசையில். இன்று ராத்திரியே ஓட்டிவிடுகிறேன்.