பி.எஃப். எங்கே பிடிக்கிறார்கள்?

பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில், வெளிநாட்டுப் பணிக்குச் செல்பவர்களின் ஆவணங்களைக் கவனித்து வருகிறேன். ஐரோப்பாவுக்குப் புறப்படுகிறவர்கள் என்னிடம் விசாவைப் பற்றியே விசாரிப்பார்கள், நானோ, "உங்களுக்கு பி.எஃப். எங்கே பிடிக்கிறார்கள்?" என்று கேட்பேன். எந்தச் சான்றிதழ் வேண்டும் என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.

சம்பளமும் பி.எஃப். சந்தாவும் சென்னையிலேயே தொடர, ஜெர்மனிக்குத் தற்காலிகமாக அனுப்பப்படுகிறவருக்கு பி.எஃப். அமைப்பான இ.பி.எஃப்.ஓ. வழங்கும் சி.ஓ.சி. (இந்தியாவிலேயே சந்தா கட்டுகிறார் என்பதற்கான சான்றிதழ்) வேண்டும். அது கையில் இருந்தால் அங்கே ஓய்வூதியக் காப்பீட்டுக்கும் வேலையின்மைக் காப்பீட்டுக்கும் பிடித்தம் இராது. ஆனால் மருத்துவக் காப்பீடு, இதற்காக இரு நாடுகளும் செய்துகொண்ட சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்துக்குள் வராது என்பதால், அதைத் தனியாக எடுத்தே ஆகவேண்டும். இந்த விலக்குக்கான கால வரம்பும் நாட்டுக்கு நாடு மாறும்: ஜெர்மனிக்கு 48 மாதங்கள், பிரான்சுக்கு 60, சுவிட்சர்லாந்துக்கு 72.

இப்படி ஜெர்மனிக்குப் போனவரை, திட்டத்தின் நடுவே சில மாதங்களுக்குப் பாரிசுக்கு அனுப்பும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. "ஏ1 வாங்கிவிடலாமே" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ஏ1 என்பது ஐரோப்பிய நாடு ஒன்றின் சட்டப்படி சந்தா கட்டுபவர் அதே காப்பீட்டில் இருந்துகொண்டு இன்னொரு ஐரோப்பிய நாட்டில் வேலை செய்வதற்கான சான்றிதழ். 2010 மே முதல் நடைமுறையில் உள்ள, ஐரோப்பிய ஒன்றியத்தின் 883/2004 என்னும் ஒழுங்குமுறையின்கீழ், இவ்வாறு அனுப்பப்படும் காலம் 24 மாதங்களைத் தாண்டக்கூடாது. சென்னையில் பி.எஃப். கட்டுபவர் அதற்குள் வரமாட்டார்; பிரான்சுக்கென அவருக்குத் தனியாக இன்னொரு சி.ஓ.சி. பெறவேண்டும்.

ஜெர்மானிய நிறுவனத்தின் சம்பளப் பட்டியலுக்கே மாறிவிட்டவரின் நிலை வேறு. அவருக்கான ஏ1 விண்ணப்பத்தை நிறுவனம், பொதுவாக அவருடைய மருத்துவக் காப்பீட்டு நிதியத்துக்கு, மின்னணு முறையில் அனுப்பும். ஆனால் வேலையில் சேர்ந்த வாரமே அயல்நாட்டுக்கு அனுப்பிவிட இயலாது, குறைந்தது ஒரு மாதமாவது ஜெர்மனியின் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். இந்தியக் குடியுரிமை இதற்குத் தடையில்லை. 1231/2010 என்னும் ஒழுங்குமுறை, சட்டப்படி அங்கே வசிக்கும் பிற நாட்டவருக்கும் இந்த வசதியைத் தருகிறது. டென்மார்க்கும் சுவிட்சர்லாந்தும் அதற்குள் வராதவை என்பதால், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரை மியூனிக்கிலிருந்து சூரிச்சுக்கு அனுப்பும் முன், வேறு ஒப்பந்தம் ஏதேனும் பொருந்துமா என்று பார்த்துவிடுவது நல்லது. மேலாளர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

நம்மூர்க்காரர்களுக்கென்றே ஒரு தொல்லையும் உண்டு. பி.எஃப். கணக்கில் "எஸ். கார்த்திக்" என்று இருக்கும், பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் விரிந்து "கார்த்திக் சுப்பிரமணியன்" ஆகியிருக்கும். சான்றிதழில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும் என்பதால், யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) விவரத்தில் இனிஷியலை விரித்துத் திருத்திய பிறகே நான் சி.ஓ.சி. விண்ணப்பத்தில் கை வைப்பேன்.