ஃபைப்ராய்டு இருக்கு சரி, வலிக்கு அதுதான் காரணமா?

சித்தி பொண்ணு ஸ்கேன் ரிப்போர்ட்ட வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு "அக்கா கட்டி இருக்காம்க்கா, 3 சென்டிமீட்டராம், அதான் வயிறு இப்படி வலிக்குது போல"ன்னு ஒரே அழுகை. கேன்சரா இருக்குறது ரொம்ப ரொம்ப அபூர்வம்டி, ஃபைப்ராய்டுன்றது கர்ப்பப்பை தசையிலயே வளர்ற கட்டி, 50 வயசுக்குள்ள பாதிக்கு மேல பொம்பளைங்களுக்கு சின்னதோ பெருசோ வந்துடுது, நிறைய பேருக்கு இருக்குறதே தெரியாது, வேற எதுக்கோ ஸ்கேன் எடுக்கப் போய்தான் தெரியும்னு சொன்னேன். அதனாலதான் ரிப்போர்ட்ல ஃபைப்ராய்டு இருக்கு, எனக்கு வலிக்குது, அப்ப ரெண்டும் ஒன்னுதான்னு முடிச்சிடக்கூடாதுன்றது என் கட்சி.

எல்லாரும் சைஸத்தான் கேக்குறாங்க, எங்க இருக்குன்னு கேக்குறதில்ல. கர்ப்பப்பையோட உள்பக்கம் துருத்திட்டு இருந்தா சின்னதே ஆட்டி வச்சிடும், ரத்தம் கட்டி கட்டியா போகும், அத வெளிய தள்ள கர்ப்பப்பை இறுக்கிப் பிழியுறப்பதான் அந்த வலி. வெளிப்பக்கமா வளர்ந்தா பீரியட்ஸ் ஒழுங்காவே வரலாம், ஆனா முன்னாடி மூத்திரப்பைய அழுத்துச்சுன்னா மதுரையில பஸ் ஏறி திருச்சி போறதுக்குள்ள உயிரு போயிடும், பின்னாடி அழுத்துச்சுன்னா மலச்சிக்கல், இடுப்பு வலி. சுருக்குன்னு குத்தாது, அடிவயித்துல எப்பவும் ஒரு கனம்.

திடீர்னு தாங்க முடியாம வலிச்சா கதையே வேற. கட்டிக்கு ரத்தம் பத்தாம உள்ளுக்குள்ள சிதைய ஆரம்பிச்சிருக்கலாம், மாசமா இருக்குறவங்களுக்கு இது வரும், லேசா காய்ச்சலும் அடிக்கும். காம்போட தொங்குற கட்டியா இருந்தா அது முறுக்கிக்கலாம். அப்பல்லாம் வெந்தயம், மோர்னு வீட்ல உக்காராம நேரா கேஷுவாலிட்டி.

இன்னொன்னு, ஃபைப்ராய்டு இருக்குறவங்களுக்கே அடினோமயோசிஸும், அதாவது கர்ப்பப்பையோட உள்சவ்வு அதோட தசைக்குள்ளயே வளர்றதும், சேர்ந்து இருக்கலாம், ரிப்போர்ட்ல 'பல்க்கி யூட்ரஸ்'னு (கர்ப்பப்பை பெருத்திருக்குன்னு) ஒரு வரி இருந்தா அதப்பத்தியும் கேளுங்க. எண்டோமெட்ரியோசிஸ் இருக்கே, உள்சவ்வு மாதிரி திசு கர்ப்பப்பைக்கு வெளிய வளர்றது, அது சாதாரண ஸ்கேன்ல மாட்டாமலே போயிடும். பீரியட்ஸுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே வலி ஆரம்பிக்குது, வீட்டுக்காரரோட சேரும்போது வலிக்குது, அந்த நாள்ல டாய்லெட் போனா உயிர் போகுதுன்னா வெக்கப்படாம டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, நாம சொல்லாட்டி அவங்களுக்கு எப்படித் தெரியும், ஸ்கேன்ல தெரியுற கட்டி மேலதான் பழி விழும்.

இத ஏன் இவ்ளோ இழுக்குறேன்னா, "ரெண்டு புள்ள பெத்தாச்சுல்ல, கர்ப்பப்பைய எடுத்துடலாம்"னு ரொம்ப ஈஸியா சொல்லிடுறாங்க. மகாராஷ்டிராவுல பீட் மாவட்டத்துல கரும்பு வெட்டப் போற பொம்பளைங்க எத்தனையோ பேருக்கு சின்ன வயசுலயே எடுத்துட்டாங்கன்னு 2019ல பெரிய செய்தியாச்சு. எடுத்தே ஆகணும்ங்கிற கேஸும் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா வலி எண்டோமெட்ரியோசிஸால வந்திருந்தா எடுத்தப்புறமும் வலிக்கலாம், அப்ப யார்கிட்ட போய் சண்டை போடுறது? ரத்தப்போக்கக் குறைக்க மாத்திரை இருக்கு, கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற ஹார்மோன் காயில் இருக்கு, கட்டிய மட்டும் எடுக்குற ஆபரேஷன் இருக்கு, கட்டிக்குப் போற ரத்தக்குழாய அடைக்கிற சிகிச்சை கூட பெரிய ஊர்கள்ல பண்றாங்க. மெனோபாஸுக்கு அப்புறம் கட்டி பெரும்பாலும் தானா சுருங்கும், அதனால 48, 49 வயசுல இருக்குறவங்க "கொஞ்ச நாள் மாத்திரையில ஓட்ட முடியுமா டாக்டர்"னு கேட்டுட்டு கையெழுத்து போடுங்க.