டிராம் (DRAM) வரிசையை எப்போது மூடுவது? சிமுலேட்டரில் செய்து பார்த்தது

கொஞ்ச நாளாக மாலை நேரங்களில் சி மொழியில் ஒரு டிராம் கன்ட்ரோலர் சிமுலேட்டர் எழுதி வருகிறேன். டிராம் என்பது கணினியின் முதன்மை மெமரி; அதற்கு வரும் கோரிக்கைகளைக் கையாளும் சுற்றுதான் கன்ட்ரோலர். ஒரே ஒரு கேள்விக்காகத்தான்: ஒரு வரிசையைப் படித்து முடித்ததும் அதைத் திறந்தே வைப்பதா, மூடிவிடுவதா? டிராம் பக்கத்துத் தாமதத்தில் பெரும் பங்கு இந்தச் சின்ன முடிவில் அடங்கியிருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. டிராம் சிப்புக்குள் பல பேங்குகள், அதாவது தனித்தனியாக இயங்கும் பகுதிகள், இருக்கும். டிடிஆர்4 வகை ரேமில் பெரும்பாலும் 16. ஒவ்வொரு பேங்கிலும் ஒரு நேரத்தில் ஒரு வரிசையை மட்டுமே திறக்க முடியும். திறந்த வரிசையின் தரவு சென்ஸ் ஆம்ப்ளிஃபயர்கள் என்ற சுற்றுகளில் வந்து உட்காரும், அங்கிருந்துதான் படிப்பு. 8 சிப் கொண்ட சாதாரண ரேம் குச்சியில் ஒரு வரிசை 8 கிலோபைட், அதாவது 64 பைட் கேஷ் லைன்கள் (செயலி ஒரு தடவைக்கு எடுக்கும் துண்டுகள்) 128. இந்த வரிசையைத்தான் கன்ட்ரோலர் உலகில் பேஜ் என்கிறார்கள். இயங்குதளத்தின் 4 கிலோபைட் பேஜோடு இதற்குத் தொடர்பில்லை.

நான் எடுத்துக்கொண்டது 22-22-22 என்று போட்ட டிடிஆர்4-3200: படிக்க, திறக்க, மூட ஆகும் கடிகாரச் சுழற்சிகள் அவை. ஒரு சுழற்சி 0.625 நானோ நொடி. ஆக படிக்க 13.75, திறக்க 13.75, மூட 13.75. கேட்ட வரிசை திறந்திருந்தால் 13.75 நானோ நொடியில் தரவு வந்துவிடும். பேங்க் மூடியிருந்தால் திறந்து படிக்க 27.5. வேறு வரிசை திறந்து கிடந்தால் அதை மூடி, நம்முடையதைத் திறந்து, அப்புறம் படிக்க வேண்டும்: 41.25. (கோர், கேஷ், கன்ட்ரோலர் எல்லாவற்றையும் தாண்டி நிரலுக்குத் தெரியும் மொத்தத் தாமதம் இதைவிட அதிகம். இங்கே டிராம் பக்கத்தை மட்டும் பார்க்கிறேன்.)

மூடும் நேரமும் திறக்கும் நேரமும் சமமாக இருப்பதால் ஒரு அழகான கணக்கு கிடைக்கிறது. அடுத்த வாசிப்பு அதே வரிசைக்கு வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்றால் திறந்து வைப்பது லாபம். பாதிக்குக் கீழ் என்றால் மூடுவது லாபம். தொடர்ச்சியாக ஒரு பெரிய அணியைப் படிக்கும் நிரலுக்குத் திறந்து வைத்தால் சராசரி 14-ஐ ஒட்டி நிற்கிறது, மூடினால் 27.5. எங்கெங்கோ தாவும் ஹாஷ் தேடலுக்கு நேர்மாறு: திறந்து வைத்தால் 41-ஐ ஒட்டுகிறது, மூடினால் 27.5. நிலையான கொள்கை எதை எடுத்தாலும் ஒரு பக்கம் அடி விழும்.

சோதனைக்கான முகவரிகளை வால்கிரைண்டின் லாக்கி கருவியிலிருந்து எடுத்தேன். அது தருவது நிரல் செய்யும் எல்லா மெமரி அணுகல்களும், அதுவும் மெய்நிகர் முகவரிகளில் (நிரல் பார்க்கும் முகவரிகள்; டிராமில் உள்ள உண்மை இடம், அதாவது இயற்பியல் முகவரி, வேறு). கேஷிலேயே கிடைப்பவை டிராமுக்கு வராது என்பதால் நடுவில் ஒரு கேஷ் மாதிரியை வைத்து வடிகட்டினேன். 4 கிலோபைட் பேஜ்களுக்குச் சீரற்ற இயற்பியல் முகவரிகளைக் கொடுத்தேன். இந்த இரண்டாவது வேலையை விட்டுவிட்டால் முடிவுகள் பொய்யாக நன்றாகத் தெரியும். உண்மைக் கணினியில் தொடர் வாசிப்பு ஒவ்வொரு 64 லைனுக்கும் எங்கோ தாவக்கூடுமே.

அதனால் நிரலின் போக்கைப் பார்த்துத் தகவமைக்கும் முறைக்குப் போனேன். முதலில் வைத்தது, கிளைக் கணிப்பில் (நிரல் எந்தக் கிளையில் போகும் என்று செயலி ஊகிப்பது) பழக்கமான இரண்டு பிட் எண்ணி (counter), பேங்குக்கு ஒன்று. மதிப்பு 2 அல்லது 3 என்றால் திறந்து வை, 0 அல்லது 1 என்றால் மூடு. கடைசி வரிசை எண்ணையும் பேங்க் நினைவில் வைத்திருக்கும். அடுத்து வந்தது அதே வரிசை என்றால் எண்ணியைக் கூட்டு, வேறென்றால் குறை. மூடிய பிறகும் "மூடியிருக்கக் கூடாது" என்று கற்றுக்கொள்ள முடிவது இதனால்தான். கோப்பைத் தொடராகப் படித்து முடித்துவிட்டு ஹாஷ் தேடலுக்கு மாறும் நிரலில் இது பிரமாதமாக வேலை செய்தது. 16 பேங்கும் ஆளுக்கு இரண்டு தவறோடு திருந்திவிடும். மொத்த நஷ்டம் 32 முறை 13.75, அதாவது 440 நானோ நொடி. அவ்வளவுதான்.

அப்புறம்தான் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் 128 பைட் ஸ்ட்ரக்ட்களை (சி மொழியின் தரவுத் தொகுப்புகள்) கொடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு ஸ்ட்ரக்டும் இரண்டு கேஷ் லைன். பேங்குக்கு வரும் வரிசைகள் அ அ ஆ ஆ இ இ என்று போகும். திறந்தே வைத்தால் முதல் லைன் 41.25, இரண்டாவது 13.75, சராசரி 27.5. எப்போதும் மூடினாலும் 27.5. எண்ணி இங்கே தொடக்க மதிப்பைப் பொறுத்து நடந்துகொள்கிறது. 2 அல்லது 3-இல் தொடங்கினால் எப்போதும் திறந்தே கிடக்கும். 0-இல் தொடங்கினால் எப்போதும் மூடும். 1-இல் தொடங்கினால்தான் வேடிக்கை: முதல் லைனுக்குப் பிறகு மூடுகிறது, அதே வரிசை வருகிறது, எண்ணி 2 ஆகிறது; இரண்டாவது லைனுக்குப் பிறகு திறந்து வைக்கிறது, வேறு வரிசை வருகிறது, எண்ணி மறுபடி 1. ஒவ்வொரு முடிவும் தவறு! சராசரி 34.4. ஒன்றுமே கற்காத கொள்கைகளைவிட மோசம்.

முதல் லைனுக்குப் பின் திறந்து வைத்து, இரண்டாவதற்குப் பின் மூடினால் சராசரி 20.6 வரவேண்டும். கால் பங்கு தாமதம் அங்கே சும்மா கிடக்கிறது. அதை எடுக்க எண்ணியைத் தூக்கிவிட்டு, போன வரிசைக்கு எத்தனை வாசிப்பு வந்தது என்பதையே கணிப்பாக வைத்தேன். அத்தனை வந்ததும் மூடு. வேறு வரிசை வந்தால், முடிந்த வரிசையின் உண்மையான எண்ணிக்கைதான் புதிய கணிப்பு. மூடிய பிறகு அதே வரிசை திரும்பி வந்தால் கணிப்பை இரட்டிப்பாக்கு. இந்தக் கடைசி விதி மிக முக்கியம். இது இல்லையென்றால் நீண்ட தொடர் வாசிப்பின் நடுவில் வழிதவறி வரும் ஒற்றை வாசிப்பு கணிப்பைச் சுருக்கிவிடும். மீதி லைன்களுக்கு ஒவ்வொரு முறையும் மூடித் திறந்துகொண்டிருக்கும்.

இப்போது ஸ்ட்ரக்ட் சோதனையில் 20.6 வருகிறது, தொடர் வாசிப்பிலும் ஹாஷ் தேடலிலும் முந்தைய முறையை விட்டு விலகவில்லை. தேவைப்படும் இடமும் கொஞ்சம்தான். வரிசை எண்ணுக்கு 16 பிட், நடப்பு எண்ணிக்கைக்கு 8, கணிப்புக்கு 8. 16 பேங்குக்கும் சேர்த்து 64 பைட், சரியாக ஒரு கேஷ் லைன்.

என் சிமுலேட்டர் இன்னும் கோரிக்கைகளை ஒவ்வொன்றாகத்தான் கையாள்கிறது. உண்மையான கன்ட்ரோலரிடம் ஒரு க்யூ, அதாவது காத்திருக்கும் கோரிக்கைகளின் பட்டியல், இருக்கும்; ஸ்காட் ரிக்ஸ்னரும் சகாக்களும் 2000-இல் எழுதிய கட்டுரை முதல், திறந்த வரிசைக்கான கோரிக்கைகளை முன்னே இழுப்பது வழக்கமாகிவிட்டது. ஜெம்5 சிமுலேட்டரின் தகவமைக்கும் கொள்கைகள் அந்த க்யூவை எட்டிப் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன. ஸ்ட்ரக்டின் இரண்டு லைன்களும் ஒரே நேரத்தில் க்யூவில் நின்றால் என் கணிப்புக்கு அங்கே வேலையே இல்லை. அதனால் அடுத்து எழுதுவது க்யூதான். கூடவே திறந்த வரிசையை 32 நானோ நொடிக்கு முன் மூட முடியாது என்ற கட்டுப்பாட்டையும் சேர்க்கிறேன். நெருக்கமாக வரும் கோரிக்கைகளில் சீக்கிரம் மூடுவதன் லாபத்தை அது எவ்வளவு தின்னும் என்று பார்க்க வேண்டும்.