ஸ்போர்ட்ஸ் பிரா போட்டால் மார்பு சின்னதாகிவிடுமா?

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஓடினால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். இன்று காலை, காலேஜில் படிக்கும் அக்கா மகள் பாதியிலேயே நின்றுவிட்டாள். இரண்டு கைகளையும் மார்போடு இறுக்கிக் கட்டியிருந்தாள். "வலிக்குது சித்தி. ஸ்போர்ட்ஸ் பிரா போட்டா சின்னதாயிடும்னு அம்மா வேண்டாங்கிறாங்க."

ஆகாது. மார்பின் அளவு பரம்பரை, ஹார்மோன், உடல் எடையைப் பொறுத்தது. துணி அழுத்துவதால் உள்ளே இருக்கும் கொழுப்பும் சுரப்பிகளும் கரைந்துவிடாது. கழற்றியதும் அதே அளவுதான். ஓடும்போது மார்பு மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் அசையும். அந்த அசைவைக் குறைத்து வலியைத் தணிப்பதுதான் இதன் வேலை.

அப்புறம், மார்புக்குக் கீழே வரும் பட்டை நழுவாமல் நிற்க வேண்டும், ஆனால் மூச்சு முட்டக் கூடாது. அதைப் போட்டுப் பார்த்து, குதித்துப் பார்த்து வாங்குங்கள்.

அக்கா, நாளைக்கு நானே அவளைக் கடைக்குக் கூட்டிப் போகிறேன்.